கோட்டுக்கு அப்பால்

கலிஃபோர்னியாவின் போமோனா ஓடுதளத்தில் முதன்முறையாக டிராக் ரேஸ் பார்க்கப் போனபோது, கூட்டிக்கொண்டு போன நண்பர் ஒரே ஒரு அறிவுரைதான் சொன்னார். "காதுல பஞ்சு வச்சா மட்டும் பத்தாது. மேல கையை வச்சு அழுத்திக்கோங்க." அப்படியே செய்தேன். ஆனால் சத்தம் நெஞ்சுக்கூட்டின் வழியாக உள்ளே வந்தது. இரண்டு வண்டிகள் புறப்பட்டன. நான் தலையைத் திருப்பி முடிப்பதற்குள் போய்விட்டன. நைட்ரோமீத்தேன் புகையில் கண் எரிந்து நீர் வழிந்தது. தூரத்துப் பலகையில் ஒரு லேனுக்கு நேராக 320க்கும் மேல் ஓர் எண் எரிந்தது. மணிக்கு இத்தனை மைல் என்று கணக்கு.

"அப்ப இவர்தான் ஜெயிச்சாரா?" என்றேன்.

"இல்லீங்க, பக்கத்து லேன்காரர். அந்த எண்ணை வச்சு யாரும் ஜெயிக்கறதில்ல."

விஷயம் பிடிபட எனக்குக் கொஞ்ச நாளானது. டிராக் ரேஸில் கோட்டை முதலில் தொடுபவரே வென்றவர். வேகம் தனிக் கணக்கு. கோட்டுக்கு முந்தைய கடைசி 66 அடியை எவ்வளவு நேரத்தில் கடந்தார் என்று ஒளிக்கற்றைகளை வைத்து அளக்கிறார்கள். பச்சை விளக்கு எரிந்ததும் கிளம்பச் சற்றுத் தாமதித்தவர், அதிக வேகத்தில் வந்தும் தோற்கலாம். அப்படியென்றால் வெற்றியைத் தராத இந்த எண்ணுக்காக ஏன் இத்தனை பேர் உயிரைப் பணயம் வைத்தார்கள்? இந்தக் கேள்வியோடுதான் நான் இந்த விளையாட்டின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க, கோட்டுக்கு முன்னால் நடப்பதைவிடப் பின்னால் நடப்பதுதான் முக்கியம் என்று பட்டது.

ஆரம்பத்தில் நிற்பது ஒரு பிரச்சினையாகவே இருக்கவில்லை. 1930களில் தென் கலிஃபோர்னிய இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களைப் பிரித்து மாற்றி, முரோக், எல் மிராஜ் போன்ற உலர்ந்த ஏரிகளில் ஓட்டினார்கள். மைல் கணக்கில் தட்டையான தரை. காலை எடுத்துவிட்டால் போதும், வண்டி தானாக ஓய்ந்து நிற்கும். போருக்குப் பிறகு பந்தயம் ஊருக்குள் வந்தது. 1950இல் சாண்டா ஆனா விமானநிலையத்தில் சி. ஜே. ஹார்ட் முறையான ஒரு டிராக் ஓடுதளத்தைத் தொடங்கினார். 1951இல் வாலி பார்க்ஸ் 'நேஷனல் ஹாட் ராட் அசோசியேஷன்' என்ற அமைப்பை உருவாக்கினார். தூரம் கால் மைல், அதாவது 1,320 அடி. ஏரியில் இல்லாத ஒன்று இங்கே இருந்தது: தளத்தின் முடிவு. அதற்கப்பால் வேலி, சாலை, யாருடைய நிலமோ.

1957இல் அந்த அமைப்பு நைட்ரோவைத் தடை செய்தது. ஒரு கிலோ பெட்ரோல் எரிய ஏறக்குறைய 15 கிலோ காற்று வேண்டும். நைட்ரோமீத்தேனுக்கு 2 கிலோகூட வேண்டாம், ஆக்சிஜனைத் தன் மூலக்கூறிலேயே சுமந்து வருகிறது. அதனால் அதே எஞ்சினுக்குள் பல மடங்கு எரிபொருளை ஊற்றி எரிக்கலாம். தடை சில ஆண்டுகளே நீடித்தது. மற்ற தளங்களில் நைட்ரோ ஓடிக்கொண்டேதான் இருந்தது. ஆட்களை அதற்கு மேல் பிடித்து வைக்க முடியவில்லை.

1964இல் நியூ ஜெர்சியில் ஃப்ளோரிடாக்காரரான டான் கார்லிட்ஸ் 201.34 மைல் எட்டினார். அந்தக் கால வண்டிகளில் ஓட்டுநர் எஞ்சினுக்குப் பின்னால், கியர்பெட்டியைக் காலருகே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். 1970 மார்ச்சில் லாங் பீச் அருகே லயன்ஸ் தளத்தில் அந்தக் கியர்பெட்டி வெடித்தது. வண்டி இரண்டாகப் பிளந்தது. கார்லிட்ஸின் வலது பாதத்தில் ஒரு பகுதி போனது. அவர் விலகவில்லை. எஞ்சினைத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்து ஒரு வண்டி கட்டினார். 1971இல் போமோனாவின் விண்டர்நேஷனல்ஸ் பந்தயத்தை அதில் வென்றார். சில ஆண்டுகளில் எல்லோரும் அந்த அமைப்புக்கு மாறிவிட்டார்கள். ஓட்டுநருக்குப் பாதுகாப்பு கூடியது. கூடியதுமே வேகத்தையும் கூட்டினார்கள்.

1986இல் கார்லிட்ஸ் 270ஐத் தாண்டினார். 1989இல் கானி கலிட்டா 290ஐ. 1992 மார்ச்சில் கேன்ஸ்வில்லில் கென்னி பெர்ன்ஸ்டீன் 301.70. இங்கே ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 200லிருந்து 300 என்பது வேகத்தில் ஒன்றரை மடங்கு. ஆனால் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியாக வளரும். நிறுத்த வேண்டிய ஆற்றல் 2.25 மடங்கு ஆகிவிடுகிறது. 200 மைல் காலத்தில் அமைத்த தளங்களோ அதே நீளத்தில் கிடந்தன. பின்னால் விரியும் இரண்டு பாராசூட்களை நம்பித்தான் எல்லாம்.

290ஐ முதலில் தாண்டிய கானி கலிட்டாவின் மகன் ஸ்காட். 1994, 1995 என இரண்டு முறை டாப் ஃப்யூயல் சாம்பியன். 2008 ஜூன் 21, நியூ ஜெர்சியின் இங்கிலீஷ்டவுன். 1965இல் திறந்த தளம் அது. தகுதிச் சுற்றில் கோட்டை நெருங்கும்போது எஞ்சின் வெடித்துத் தீப்பிடித்தது. பாராசூட்கள் வண்டியைப் பிடித்து நிறுத்தவில்லை. தளத்தின் முடிவிலிருந்த மணல் படுகையாலும் நிறுத்த முடியவில்லை. அதையும் தாண்டிப் போய் மோதியது. ஸ்காட்டுக்கு வயது 46. தந்தை தொட்ட எண்ணையும் மகனின் மரணத்தையும் அடுத்தடுத்துப் படித்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

ஜூலை தொடக்கத்திலேயே முடிவு வந்தது. நைட்ரோ வண்டிகளுக்கு இனி 1,320 அடி கிடையாது, 1,000 அடிதான். மிச்சம் 320 அடி நிற்பதற்கு. தற்காலிக ஏற்பாடு என்றார்கள். இன்றுவரை அதுவே தொடர்கிறது. கால் மைல் என்பது இந்த விளையாட்டின் குலதெய்வம் மாதிரி. அதையே வெட்டிவிட்டார்களே என்று புலம்பிய ரசிகர்கள் உண்டு.

ஆனால் எண் என்ன ஆனது? 2005இல் டோனி ஷூமாக்கர் முழுக் கால் மைலில் 337.58 மைல் எட்டியிருந்தார். 2017இல் ராபர்ட் ஹைட் வெறும் 1,000 அடியில் 339.87 எட்டினார், மணிக்கு சுமார் 547 கிலோமீட்டர். 320 அடியை வெட்டினார்கள். ஒன்பதே வருடத்தில் வண்டிகள் அந்த வேகத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டன. தூரத்தைக் குறைத்தால் வேகம் குறையும் என்ற கணக்கு பொய்த்தது. நிற்க இடம் கிடைத்தது மட்டும் மெய்.

நிற்பதும் சும்மா வருவதில்லை. பாராசூட் விரியும்போது உடம்பு முன்னால் வீசப்படுகிறது. கார்லிட்ஸுக்குப் பிற்காலத்தில் அந்த இழுப்பிலேயே விழித்திரை பிரிந்தது. ஆனாலும் 2014இல், 82 வயதில், மின்சார வண்டி ஒன்றில் உட்கார்ந்து 184 மைல் போனார் மனுஷன். நான் கேட்ட கேள்விக்கு அவரிடமும் பதில் இருக்குமா தெரியாது. எட்டக்கூடிய எண் ஒன்று எதிரே இருந்தால் சிலரால் சும்மா இருக்க முடியாது, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகும் போமோனா போயிருக்கிறேன். வண்டி கோட்டைத் தாண்டியதும் பக்கத்தில் எல்லோரும் பலகையைப் பார்க்கிறார்கள். நான் தளத்தின் கோடியைப் பார்க்கிறேன். இரண்டு பாராசூட்டும் விரிந்த பிறகுதான் காதிலிருந்து கையை எடுக்கிறேன்.