தெற்கே நகர்ந்த சங்கீதம்



மார்கழியில் சென்னை வந்தால் சபாவுக்குச் சபா ஆட்டோவில் ஓடாதீர்கள். என்னைப் போல ஒருநாள் வடக்கிலிருந்து தெற்கே நடந்து பாருங்கள். நகரத்தின் இசை வரலாறு காலடியிலேயே கிடக்கிறது.

முதலில் ஜார்ஜ் டவுன். நூறு வருடத்துக்கு முன் வீணை தனம்மாள் வெள்ளிக்கிழமை மாலைகளில் தம் வீட்டிலேயே வாசிப்பார். பெரிய வித்வான்களும் வந்து சத்தமில்லாமல் கேட்பார்கள்.

அடுத்து திருவல்லிக்கேணி. பார்த்தசாரதி சுவாமி சபா 1900-இல் தோன்றியது. பிறகு மயிலாப்பூர் மாட வீதிகள். மார்கழி விடியலில் பாபநாசம் சிவன் பஜனை பாடி வலம் வந்தது இங்கேதான். 1927 காங்கிரஸ் மாநாட்டோடு நடந்த இசை மாநாட்டின் பயனாக 1928-இல் மியூசிக் அகாடமி பிறந்தது.

வீட்டுக்கூடத்திலிருந்து மேடைக்கு வந்ததால் டிக்கெட் வாங்கிய எவரும் கேட்க முடிந்தது. ஆனால் அந்தக் கலையைக் காத்துவந்த இசை வேளாளர் குடும்பப் பெண்கள் பலர் பின்னுக்குப் போனார்கள். தனம்மாளின் பேத்தி பாலசரஸ்வதிக்கு அகாடமி சங்கீத கலாநிதி விருது தந்தது 1973-இல்தான்.

பகல் கச்சேரிகள் பலவற்றுக்கு இன்றும் டிக்கெட் கிடையாது. இளம் பிள்ளைகள் காலி நாற்காலிகளுக்கு முன் பாடுகிறார்கள். போய் முன்வரிசையில் உட்காருங்கள்.