மண்டபத்துக்கு வெளியே ஒரு திண்ணை

முசலியில் மீள்குடியேறிய கிராமங்கள் பலவற்றில் ஒரு பொதுநோக்கு மண்டபம் இருக்கும். எங்கள் ஊரிலும் உண்டு. நீட்டுக் கட்டடம், முன்னால் ஒரேயொரு கதவு, சீற் கூரை, மூலையில் அடுக்கிவைத்த பிளாஸ்டிக் கதிரைகள். கூட்டம் உள்ள நாளில் திறப்பார்கள். மற்ற நாட்களில் திறப்பு யாரோ ஒருவரின் வீட்டு ஆணியில் தொங்கும். பின்னேரங்களில் ஆட்கள் கூடுவது எதிரேயுள்ள வேம்பின் கீழும் கடை வாசற்படியிலும்தான்.

இதைச் சின்னக் குறையாக நான் நினைக்கவில்லை. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் 2009க்குப் பிறகுதான் இங்கே பெருமளவில் திரும்பினார்கள். அவர்களின் பிள்ளைகளில் பலர் புத்தளத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். முள்ளிக்குளத்துத் தமிழர்கள் 2007இல் ஊரைவிட்டுப் போய், திரும்ப வந்தபோது நிலத்தில் கடற்படை முகாம் இருந்தது. இருபது வருடம் பிரிந்திருந்த அயலவர்கள் கூட்டம் போட்டுப் பழகமாட்டார்கள். வழியில் நின்று, தண்ணீர் குடித்து, இரண்டு வார்த்தை பேசித்தான் பழகுவார்கள். அதற்கு இடம் வேண்டும்.

நியூயோர்க்கின் சிறு சதுக்கங்களைப் படம்பிடித்து ஆராய்ந்த வில்லியம் வைட் 1980இல் தன் முடிவுகளை நூலாக்கினார். எந்தச் சதுக்கம் நிறைகிறது என்பதைத் தீர்மானிப்பதில் கட்டடத்தின் அழகைவிட, உட்கார வசதி உண்டா என்பதே பெரிதாக இருந்ததாம். திண்ணை வைத்து வீடு கட்டிய நமக்கு இதை அமெரிக்கர் வந்து சொல்லவேண்டியதில்லை. ஆனாலும் நம் மண்டபங்களில் திண்ணையைத்தான் முதலில் வெட்டிவிடுகிறோம்.

நாலடி அகல விறாந்தை வெறும் நடைபாதை. எட்டடி இருந்தால் ஒருவர் உட்கார்ந்திருக்க மற்றவர் தாராளமாகக் கடந்துபோகலாம். விளிம்பில் ஒன்றரை அடி உயரத்துக்குக் கட்டு கட்டினால் கதிரையே தேவையில்லை. முசலியில் விறாந்தை கிழக்குப் பக்கம் இருப்பது நல்லது. பின்னேர வெயிலைக் கட்டடமே மறைக்கும், சோளகம் வாரியடிக்கும் மண்ணும் நேரே வராது. ஆனால் வாடை மழை அந்தப் பக்கத்தால்தான் சாரலடிக்கும் என்பதால் கூரை தாழ்ந்து வெளியே நீளவேண்டும். மேற்குச் சுவரில் துளைக்கற்கள் வைத்தால் காற்று உள்ளே வரும்.

ஆண்கள் நிறைந்த முன்விறாந்தையைத் தாண்டி எங்கள் பெண்கள் உள்ளே போகமாட்டார்கள். கிளினிக்குக்கும் மாதர் சங்கத்துக்கும் பக்கத்தில் இன்னொரு வாசல், அதற்கென ஒரு திண்ணை வேண்டும். கரையோரக் கிணறுகள் பலவும் உவராக இருப்பதால், வெளியே ஒரு குடிதண்ணீர்க் குழாய் வைத்தாலே இரு பக்கத்து ஆட்களும் வந்து நிற்பார்கள்.

நம் நாட்டிலேயே பேசப்பட்ட உதாரணம் கொழும்பு–கண்டி வீதியிலுள்ள அம்பேபுஸ்ஸ சமூக நூலகம். மிலிந்த பத்திராஜவும் கங்கா ரத்நாயக்கவும் வடிவமைத்தது. முற்றத்தைச் சுற்றி அமைந்தது. போருக்குப் பின் இராணுவச் சிப்பாய்களுக்குக் கட்டடத்தொழில் பழக்கி, திமிசுபோட்டு இறுக்கிய மண்சுவரும் பழைய மரமும் கொண்டு கட்டினார்கள். 2015இல் லஃபார்ஜ்ஹொல்சிம் உலக விருதில் வெள்ளி கிடைத்தது. இராணுவம் கட்டியதை முசலிக்கு எடுத்துக்காட்டுவது எனக்கே உறுத்துகிறது. ஆனால் கட்டும் வேலையே ஆட்களைச் சேர்க்கும் என்ற எண்ணம் நமக்கும் பொருந்தும். இங்கே ஒப்பந்தக்காரர் வெளியூரிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து, முடித்து, திறப்பைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். இரு ஊர் இளைஞர்களும் சேர்ந்து சுவர் எழுப்பியிருந்தால் அதைப் பூட்டிவைக்க யாருக்கு மனம் வரும்?

எங்கள் மண்டபத்தின் கிழக்குப் பக்கம் இன்னும் வெறும் மணல்தான். அங்கே எட்டடிக்கு ஒரு கூரை இறக்கித் திண்ணை கட்ட, புது மண்டபத்துக்கு ஆகும் செலவில் சிறு பங்கு போதும். கிராம அபிவிருத்திச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதைத்தான் கேட்கப்போகிறேன், மண்டபத்தைத் திறந்தால்.