ஓட்ஸின் லாயம்

தென்துருவத்துக்குக் குதிரையோட போனாங்கன்னு முதல்ல வாசிச்சப்போ எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆமுண்ட்சென் நாயை நம்பி ஜெயிச்சார், ஸ்காட் குதிரையை நம்பித் தோத்தார் என்று ஒரே வரியில் முடிச்சிடுவாங்க. அந்த வரிக்குள்ள 1911-ன் குளிர்காலம் ஒன்று முழுசா ஒளிஞ்சிருக்கு. எனக்குப் பிடிச்சது அதுதான்.

ஸ்காட் வாங்கச் சொன்னது மஞ்சூரிய மட்டக்குதிரைகள், அதுவும் வெளிர் நிறம் மட்டும். காரணம், முந்தைய பயணத்தில் ஷாக்கிள்டனின் கருநிறக் குதிரைகள் முதலில் செத்துப்போயின. சாம்பிள் எவ்வளவு சின்னதுன்னு பாருங்க! வாங்கப் போன மியர்ஸ் நாய்களில் கெட்டி, குதிரை அவர் துறை இல்லை. குதிரை தெரிஞ்ச ஒரே அதிகாரி கேப்டன் ஓட்ஸ் அவற்றை முதலில் பார்த்ததே நியூசிலாந்தில்தான். பாதி கிழடு. தன் காசில் கூடுதலாகத் தீவனம் வாங்கிக் கப்பலில் ஏத்தினார். (பேரும் ஓட்ஸ், போட்ட தீனியும் ஓட்ஸ்.)

19 குதிரைகள் கப்பலேறின, 17 கரையிறங்கின. குளிர்காலத்துக்கு முன்னாடியே உணவுக் கிடங்கு வைக்க 8 குதிரைகளைக் கூட்டிப்போனாங்க. 6 திரும்பல. குதிரைக்கு வெறும் குளிர் பெரிய எதிரி இல்லை. வைக்கோல் குடலில் நொதிக்கும்போதே உடம்பு சூடாகும். காத்தும் ஈரமும்தான் ஆளைக் கொல்லும். வேர்வை ரோமத்தில் உறையும், பொடிப்பனி உள்ளே புகுந்து உருகும். நாய்க்கு அந்த மாதிரி உடம்பெல்லாம் வேர்க்காது. குதிரைகள் தளர்ந்துட்டதால ஸ்காட் 80-வது டிகிரி வரை போகாமல், 79 டிகிரி 29 நிமிடத்திலேயே 'ஒரு டன்' கிடங்கை வச்சுட்டுத் திரும்பினார். பலவீனமான குதிரைகளைக் கொன்றாவது முன்னே போகலாம் என்றார் ஓட்ஸ். ஸ்காட்டுக்கு மனசு வரலை.

மிச்சம் 10 குதிரை. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை அங்கே சூரியனே கிடையாது. நமக்குக் கத்திரி வெயில், அவங்களுக்கு முழு இருட்டு. குடிசையின் காத்து மறைவுப் பக்கம் லாயம். உள்ளே சீல் கொழுப்பு எரியும் அடுப்பு. அதன் பக்கத்தில் ஓட்ஸும், ரஷ்யக் குதிரைக்காரர் அன்டனும். அந்த அடுப்பின் புகையில் மணிக்கணக்கா உட்கார்ந்திருப்பார் ஓட்ஸ். அழுத்திக் கட்டிய தீவனத்தில் சத்து போதாதுன்னு தெரிஞ்சு, ஓட்ஸையும் பிண்ணாக்கையும் பயணத்துக்குன்னு மிச்சம் பிடிச்சார். இருட்டிலும் தினம் நடத்திக் கூட்டிப்போகணும். கிறிஸ்டோபர் என்ற முரடனை ஓட்ஸ் தன் பொறுப்பிலேயே வச்சுக்கிட்டார். பின்னாடி பயணத்தில் முன்காலைக் கட்டிக் கீழே தள்ளித்தான் அதை வண்டியில் பூட்ட முடிஞ்சது.

ஜூலையில் 'போன்ஸ்' என்ற குதிரைக்கு வயித்துவலி. தரையில் விழுந்து புரண்டது. சூடான சாக்கை வயித்தில் வச்சு, அபின் மாத்திரை கொடுத்து, ராத்திரி வரை கூடவே இருந்தாங்க. நடுநிசிக்கு மேல எழுந்து தீனி தின்னது. பத்தில் ஒன்று போனாலும் திட்டமே ஆட்டம் காணும் நிலைமை. ஆனா அந்த ராத்திரியை வாசிக்கிறப்போ அவங்க திட்டத்தை நினைச்சு முழிச்சிருந்த மாதிரி தெரியலை.

இதுல உறுத்துற விஷயம் ஒன்னு இருக்கு. இந்தக் குதிரைகள் திரும்பி வரும்னு யாரும் கணக்குப் போடலை. பனியாறு வரை சுமை இழுத்துட்டு, பிறகு இறைச்சி. பத்தையும் குளிர்காலம் தாண்ட வச்சார் ஓட்ஸ். நவம்பர் 1 கிளம்பினாங்க. ஒவ்வொரு முகாமிலும் மனுசன் படுக்கும் முன்னாடி குதிரைக்குப் பனிச்சுவர் கட்டினாங்க. டிசம்பர் 9, பியர்ட்மோர் பனியாற்றின் அடியில், மிச்சமிருந்த ஐந்தையும் சுட்டாங்க. அந்த முகாமுக்கு அவங்க வச்ச பேரு கசாப்பு முகாம்.

அடுத்த வருசத்துக்கு இந்தியாவிலிருந்து கோவேறு கழுதைகள் வரவழைக்கலாம்னு யோசனை சொன்னதும் ஓட்ஸ்தான். மவ் ராணுவ முகாமில் வேலை பார்த்தவர் அவர். மலைப் பயிற்சி பெற்ற ஏழு கழுதைகள் 1912-ல் வந்து இறங்கி, குளிர்காலத்தை அவர் லாயத்திலேயே கழிச்சன. குலாப், பேகம், லால்கான் என்றெல்லாம் பேரு. ஓட்ஸை வைத்தால் முகம் திருப்பும், கயிறும் தேயிலைச் சக்கையும் தின்னும். அக்டோபர் கடைசியில் அவற்றோட ஸ்காட்டைத் தேடிப் போனாங்க. நவம்பர் 12 அன்று கூடாரம் கிடைச்சது. உள்ளே மூணு பேர். 'ஒரு டன்' கிடங்குக்கு இன்னும் சுமார் 20 கிலோமீட்டர்தான். ஓட்ஸ் அதுக்கு முன்னாடியே பனிப்புயலில் வெளியே நடந்துட்டார். தெற்கே போய்த் தேடினப்போ அவரோட தூக்கப் பை மட்டும் கிடைச்சது.