கிளேர் அக்கேடியர்

கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில், செயின்ட் மேரி விரிகுடாக் கரையோரமாக நீளும் ஊர்களைக் கொண்ட நகராட்சி கிளேர். 17ஆம் நூற்றாண்டில் பிரான்சிலிருந்து வந்த உழவர்களின் வழித்தோன்றல்களான அக்கேடியர்களே இங்கு மிகுதி. அவர்களுக்கு முன்பே இது மிக்மாக் பழங்குடியினரின் மண். மிக்மாக் தலைவர் மெம்பெர்டூ 1610லேயே கத்தோலிக்கத் திருமுழுக்குப் பெற்றதால், சமயத்தில் இரு மக்களும் நெருங்கியே இருந்தனர்.

பிரித்தானிய மன்னருக்கு நிபந்தனையின்றி விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்த அக்கேடியர்கள் 1755 முதல் கப்பலேற்றி நாடுகடத்தப்பட்டனர். பிரமாணம் எடுத்தால் திரும்பலாம் என்ற அனுமதி 1764இல் வந்தது. மசாசூசெட்ஸிலிருந்து திரும்பியவர்கள் கண்டது, தாங்கள் கடல்நீரைத் தடுத்துக் கரைகட்டி விளைவித்த வயல்களில் நியூ இங்கிலாந்துக்காரர்கள் உழுதுகொண்டிருந்ததை. ஒதுக்கப்பட்டதோ காடடர்ந்த இந்தக் கரை. 1768இல் ழோசஃப் துகாவின் குடும்பம் முதலில் குடியேறியது. உழவர்கள் மீன்பிடிப்புக்கும் மரவேலைக்கும் கப்பல் கட்டவும் பழகினர்.

1799இல் வந்த பாதிரியார் ழான்-மாந்தே சிகோனும் ஒரு பிரமாணத்தால் நாடிழந்தவரே. பிரெஞ்சுப் புரட்சி அரசு கேட்ட உறுதிமொழியை மறுத்து இங்கிலாந்துக்கு ஓடியவர் அவர். பிரித்தானிய ஆட்சியின் கீழ் சமாதான நீதவானாகவும் பணிபுரிந்தார். மிக்மாக் மொழி கற்று அவர்களுக்கும் திருப்பணி ஆற்றினார். 1844இல் இறந்தார். அவர் நினைவாக யூதிஸ்ட் என்ற கத்தோலிக்கச் சபையினர் 1890இல் தொடங்கிய செயின்ட் ஆன் கல்லூரி, இன்று மாகாணத்தின் ஒரே பிரெஞ்சு மொழிப் பல்கலைக்கழகம்.

அதன் அருகில் 1905இல் எழுந்த புனித மரியாள் ஆலயம் வட அமெரிக்காவின் மிகப் பெரிய மரக் கட்டடங்களுள் ஒன்று. கட்டிய தச்சர் லியோ மெலான்சனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கடற்காற்றில் சாயாதிருக்கக் கோபுரத்தின் அடியில் சுமார் 40 டன் கல்லை நிரப்பினார்கள். பராமரிப்புச் செலவு தாங்காமல் 2019 இறுதியில் அங்கு வழிபாடு நின்றது.

கிளேர் அக்கேடியர்களின் பிரெஞ்சுப் பேச்சு அக்காட்ஜோன். பாரிஸ் கைவிட்ட பழைய வினைவடிவங்கள் இதில் உயிரோடு இருக்கின்றன. அவற்றோடு ஆங்கிலச் சொற்களும் தாராளமாகக் கலக்கும். இதைக் கொச்சை என்று தள்ளுவது வரலாறு அறியாத பேச்சு. 1864ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பள்ளிகளை ஆங்கில வழிக்குத் தள்ளியது. பிரெஞ்சுப் பள்ளிகளுக்கெனத் தனி வாரியம் 1996இல்தான் வந்தது; முழுப் பிரெஞ்சு வழியில் பிள்ளைகளின் ஆங்கிலம் கெடுமோ என்று அஞ்சிய பெற்றோர் கிளேரிலேயே இருந்தனர். பள்ளி கட்டுவதில் அரசு காலம் கடத்தியதால் கிளேர் உள்ளிட்ட ஐந்து பகுதிப் பெற்றோர் வழக்காடினர். கெடு விதித்த நீதிபதி, வேலை எவ்வளவு நடந்தது என்று அரசு தம்மிடம் வந்து சொல்ல வேண்டும் என்றும் ஆணையிட்டார். 2003இல் கனடா உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது.