பிறவிக் குற்றவாளி பிறந்த கதை

ஒரு கொள்கை இன்ன நாளில் பிறந்தது என்று சொல்வது கடினம். செசாரே லொம்ப்ரோசோ விஷயத்தில் அந்தக் கஷ்டமே இல்லை. தன் கொள்கைக்கு அவரே ஜாதகம் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஆண்டு 1870, குளிர்காலக் காலை. இடம், வட இத்தாலியின் பவியா நகரம். டாக்டரின் கையில் ஒரு மண்டையோடு. அதன் பின்புற உட்பகுதியில், வழக்கமாக எலும்பு மேடிட்டிருக்கும் இடத்தில், ஒரு சிறு குழி இருந்தது. லெமூர் போன்ற விலங்குகளுக்கு இருக்கும் குழி. நம் காலத்தில் வழிதவறி வந்து பிறந்த ஆதிமனிதன்தான் குற்றவாளி என்பது அந்தக் கணத்தில் தனக்குப் புலப்பட்டதாகக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

மண்டையோடு ஜுசெப்பே வில்லெல்லா என்பவருடையது. தெற்கே கலாப்ரியாவில் மொத்தா சாந்தா லூசியா என்னும் ஊர்க்காரர். கைதியாக இருந்து 1864இல் பவியாவில் இறந்துபோன வயோதிகர். லொம்ப்ரோசோ சில இடங்களில் அவரைக் கொள்ளைக்காரர் ஆக்கிவிட்டார். பிற்காலத்தில் ஆவணங்களைப் புரட்டியவர்களுக்குக் கிடைத்ததோ சில்லறைத் திருட்டுதான். எங்கள் ஊர்க்காரரின் எலும்பைத் திருப்பிக் கொடுங்கள் என்று அவருடைய ஊர் வழக்குப் போட, 2012இல் கீழ் நீதிமன்றம் ஊர் பக்கம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் அது கவிழ்ந்தது. மண்டையோடு இன்றும் தூரின் நகர அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. அதே அருங்காட்சியகத்தில் லொம்ப்ரோசோவின் எலும்புக்கூடும் நிற்கிறது; அது அவரே எழுதிவைத்த ஏற்பாடு.

கலாப்ரியாக்காரர் மண்டையில் இந்தக் குழி தென்பட்டதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. 1861இல் இத்தாலி ஒரே நாடானது. அடுத்த சில ஆண்டுகள் ராணுவம் தெற்கத்திய மலைகளில் கொள்ளைக் கூட்டங்களோடு மல்லுக்கட்டியது. 1863இல் வந்த பீக்கா சட்டம் அவர்களை ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்த வழிசெய்தது. லொம்ப்ரோசோவே ராணுவ மருத்துவராகக் கலாப்ரியாவில் வேலை பார்த்தவர். தெற்கு ஏன் அடங்க மறுக்கிறது என்ற கேள்விக்கு நிலம், வரி, பசி என்று பதில் சொன்னால் அரசாங்கத்துக்குச் சங்கடம். காரணம் எலும்பில் இருக்கிறது என்றால் யாருக்கும் சங்கடமில்லை. இத்தனைக்கும் மனிதர் ஏழைகளுக்கு எதிரியல்ல, பிற்காலத்தில் சோஷலிஸ்ட். கெட்டுப்போன சோளத்தைத் தின்றுதான் குடியானவர்களுக்குப் பெல்லாக்ரா நோய் வருகிறது என்று வாதாடி நிலக்கிழார்களைப் பகைத்துக்கொண்டவர்.

1876இல் அவருடைய ‘குற்றவாளி மனிதன்’ புத்தகம் வந்தது. துருத்திய தாடை, விடைத்த காது, நீண்ட கை, வலி உறைக்காத தோல், பச்சை குத்திய உடம்பு என்று அடையாளப் பட்டியல் நீண்டது. ‘பிறவிக் குற்றவாளி’ என்ற பெயரைச் சூட்டியவர் அவருடைய சீடர் என்ரிக்கோ ஃபெர்ரி. 1889 பாரிஸ் மாநாட்டில் பிரெஞ்சுக்காரர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அதற்குள் லொம்ப்ரோசோ வலிப்புக்காரர், ஆவேசக்காரர், சந்தர்ப்பவசத்தால் தவறியவர் என்று புதுப்புது அறைகளைக் கட்டத் தொடங்கியிருந்தார். எந்தக் குற்றவாளி வந்தாலும் ஏதாவது ஓர் அறையில் இடம் கிடைத்துவிடும்.

அப்படி ஓர் அறை தேடவேண்டிய ஆள் 1901இல் அகப்பட்டான். ஜுசெப்பே முசோலினோ. (முசோலினி அல்ல, அந்த ஆள் வேறு.) கலாப்ரியாவின் ஆஸ்ப்ரொமோந்தே மலைக்காரன். புத்தகம் வந்த அதே 1876இல் பிறந்தவன். ஒரு கொலைமுயற்சி வழக்கில் 21 ஆண்டு தண்டனை கிடைத்தது. நான் செய்யவில்லை என்று சாதித்தான். 1899 ஜனவரியில் சிறைச்சுவரைக் குடைந்து தப்பினான். எந்த இடத்தில் குடைவது என்று புனித சூசையப்பர் கனவில் வந்து காட்டினாராம். பிறகு, தனக்கு எதிராகச் சாட்சி சொன்னவர்களையும் காட்டிக்கொடுத்தவர்களையும் ஒவ்வொருவராகத் தேடிப்போய்ச் சுட்டான். நூற்றுக்கணக்கான காவலர்கள் தேடினார்கள். மலைக்கிராமங்கள் சோறு போட்டு ஒளித்துவைத்தன. கடைசியில் வெகு வடக்கே, அக்வலாஞ்ஞா அருகே, அவன் யாரென்றே தெரியாத இரண்டு காவலர்களைக் கண்டு ஓடி, கம்பி தடுக்கி விழுந்தான்.

1902இல் வழக்கு நடந்தது, சொந்த மண்ணிலிருந்து தொலைவில், டஸ்கனியின் லூக்காவில். என்ரிக்கோ மொர்செல்லி, சாந்தே தெ சாங்த்திஸ் போன்ற மனநல மருத்துவர்கள் அவன் தலையையும் குடும்ப வரலாற்றையும் அவனுக்கிருந்த வலிப்பு நோயையும் ஆராய்ந்தார்கள். பின்னர் அதையே புத்தகமாகவும் போட்டார்கள். லொம்ப்ரோசோ ஒரு பத்திரிகைக் கட்டுரையில் தன் முடிவைச் சொன்னார்: பிறவிக் குற்றவாளிக்கும் பாதிக் குற்றவாளிக்கும் நடுவில் நிற்பவன் இவன். முப்பது வருட அளவுகோலை வைத்து அளந்த பிறகு கிடைத்த பதில் ‘நடுவில்’! தன்னைச் சிறைக்கு அனுப்பிய முதல் தீர்ப்பு சரிதானா என்பதுதான் முசோலினோவின் கேள்வி. அதற்கு எலும்பில் விடை கிடையாது.

நடுவர்கள் மண்டையோட்டைப் பார்க்கவில்லை, கொலைகளைப் பார்த்தார்கள். 1890 முதல் அமலிலிருந்த சட்டத்தில் மரண தண்டனை இல்லாததால் ஆயுள் சிறை. 1913இல் சார்லஸ் கோரிங் என்ற ஆங்கிலேய சிறை மருத்துவர், சுமார் 3,000 கைதிகளை அளந்து, குற்றவாளிக்கென்று தனி உடலமைப்பு எதுவும் இல்லை என்று அச்சிட்டபோது முசோலினோ சிறையில்தான் இருந்தான். 1946இல் அவனை ரெஜ்ஜோ கலாப்ரியா மனநல மருத்துவமனைக்கு மாற்றினார்கள். பத்து ஆண்டு கழித்து அங்கேயே இறந்தான்.