உல்லாசக் கப்பல் கண்ட தீவு: செயின்ட் கில்டாவின் வரலாறு

பிரிட்டன், அயர்லாந்து ஆகியவற்றின் கரைகளைச் சுற்றிக் கோடைக்காலத்தில் சிறிய உல்லாசக் கப்பல்கள் பல செல்கின்றன. சில பத்துப் பேர் முதல் சில நூறு பேர் வரையே ஏற்றும் இக்கப்பல்கள், பெருங்கப்பல்கள் நுழைய இயலாத குடாக்களிலும் தீவுகளிலும் நங்கூரம் பாய்ச்சுகின்றன. அவற்றுள் பெயர்பெற்ற ஒன்று ஹெப்ரிடியன் பிரின்சஸ். 1964இல் கொலம்பா என்னும் பெயருடன், தீவு மக்களையும் மோட்டார் வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் எளிய கப்பலாகவே அது தொழில் தொடங்கியது; 1989இல் ஐம்பது பேரளவில் தங்கிச் செல்லும் செல்வர் கப்பலாக மாற்றப்பட்டது. 2006இல் எலிசபெத் அரசியாரே தம் எண்பதாம் பிறந்த ஆண்டில் குடும்பத்தாருடன் அதில் உலாச் சென்றார்.

இவ்வகைக் கப்பலேறுவோர் பெரிதும் காண விழையும் இடங்களில் ஒன்று செயின்ட் கில்டா. கடல் இடங்கொடுத்தால்தான் அங்கே கரையிறங்க முடியும். இறங்கியவர் காண்பது குடாவை ஒட்டி வளைந்து செல்லும் ஒரே ஒரு தெரு. கூரையிழந்த கல்வீடுகளும், பழுது பார்க்கப்பெற்ற சில வீடுகளும். ஊர் உண்டு, ஊரார் இல்லை. அம்மக்கள் எங்கே போயினர்? அவர்கள் போனதில், அவர்களைக் காண வந்த உல்லாசக் கப்பல்களுக்கும் பங்குண்டா? ஈண்டு நாம் ஆராய எடுத்துக்கொண்டது இவ்வினாவே.

ஸ்காட்லாந்தின் மேற்கே வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளுக்கும் அப்பால், ஏறத்தாழ 40 மைல் தொலைவில், அட்லாண்டிக் மாகடலின் நடுவே எழுந்து நிற்பது இத்தீவுக் கூட்டம். ஹிர்ட்டா, சோவே, போரரே, டன் என்பன முதன்மையான தீவுகள். மக்கள் நிலையாக வாழ்ந்தது ஹிர்ட்டாவில். அதன் உயரமான குன்று 1,400 அடிக்கு மேற்பட்டது; ஒரு பக்கம் செங்குத்தாகக் கடலில் இறங்குகிறது. பெயரைப் பற்றி ஒரு சொல். கில்டா என்னும் பெயருடைய துறவி ஒருவரும் கிறித்தவ வரலாற்றில் இலர். கடற்படம் வரைந்தோர் எங்கோ ஒரு சொல்லைப் பிழைபடக் குறிக்க, அப்பிழையே பெயராயிற்று என்பது அறிஞர் பலர் கருத்து. ஊர்ப்பெயர் ஆராய்ச்சியில் ஈடுபடும் ஆசிரியர்களுக்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டாகும். அங்கு வாழ்ந்தோர் கேலிக் மொழி பேசினர். தம் தீவை ஹிர்ட் என்றே அழைத்தனர்.

மார்ட்டின் மார்ட்டின் என்பவர் 1697இல் அங்குச் சென்று நூல் எழுதினார். அப்போது மக்கள் தொகை 180 அளவில் இருந்தது. அவர்கள் மீனவர் அல்லர் என்பது வியப்பாகத் தோன்றலாம். கொந்தளிக்கும் அக்கடலில் மீன்பிடிப்பை நம்பி வாழ்வது அரிது. ஆகவே பறவைகளை நம்பினர். கயிறு கட்டிப் பாறைமுகத்தில் இறங்கிக் கன்னெட், ஃபுல்மர், பஃபின் ஆகிய கடற்பறவைகளைப் பிடித்தனர், முட்டைகளை எடுத்தனர். இறைச்சி உணவாயிற்று, ஃபுல்மரின் எண்ணெய் விளக்கெரித்தது, இறகு குத்தகையாயிற்று. காற்று ஊடுருவும் கல்லறைகளைக் கட்டி இறைச்சியை உலர்த்திக் காத்தனர். அத்தகைய சிறு கட்டடங்கள் ஹிர்ட்டாவில் இன்றும் ஆயிரத்துக்கு மேல் உள்ளன. தீவின் உரிமையாளரான மக்லியாட் குடித்தலைவருக்குச் செலுத்த வேண்டிய குத்தகையைப் பணமாகவன்றி இறகாகவும் எண்ணெயாகவும் துணியாகவுமே நெடுங்காலம் செலுத்தினர். காலைதோறும் ஆடவர் தெருவிற் கூடி அன்றைய வேலையை முடிவு செய்வர். பிற்கால வெளியார் அதனைப் பாராளுமன்றம் என்று வேடிக்கையாக அழைத்தனர். ஆயினும் பாறையில் யார் எந்தப் பகுதிக்குச் செல்வது, பிடித்ததை எங்ஙனம் பங்கிடுவது என்பவை அங்கே வேடிக்கையான செய்திகள் அல்ல, உயிர்ச் செய்திகள்.

வெளியுலகத் தொடர்பு அவர்களுக்கு நோயையும் கொணர்ந்தது. 1727இல் பெரியம்மை ஊரையே அழித்தது. அவ்வேளையில் பறவை பிடிக்கச் சென்ற மூன்று ஆடவரும் எட்டுச் சிறுவரும் ஸ்டாக் ஆன் ஆர்மின் என்னும் கடற்பாறையில் இருந்தனர். அவர்களை மீட்க ஓடம் செலுத்த ஊரில் ஆள் இல்லை. மறு ஆண்டு மே மாதம் வரை, ஏறத்தாழ ஒன்பது மாதம், அப்பாறையிலேயே உயிர் காத்து மீண்டனர். பின்னர் ஊர் மெல்ல நிரம்பியது. எனினும் 1852இல் 36 பேர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினர். அவருட் பலர் வழியிலேயே இறந்தனர். அவ்விழப்பிலிருந்து ஊர் முழுதும் மீளவில்லை.

இனி உல்லாசக் கப்பலுக்கு வருவோம். ஹென்றி பெல் என்பவரின் காமெட் என்னும் நீராவிக் கப்பல் 1812இல் கிளைட் ஆற்றில் ஓடத் தொடங்கியபின், மேற்குத் தீவுகளைச் சுற்றிப் பார்க்கும் வழக்கம் விரைந்து பரவியது. இசைமேதை மெண்டல்சோன் 1829இல் ஸ்டாஃபா தீவின் குகையைக் கண்டதும் நீராவிக் கப்பலிற் சென்றே. செயின்ட் கில்டாவுக்கு ஒழுங்கான கோடைப் போக்குவரத்து 1877இல் டுனாரா காசில் என்னும் கப்பலால் ஏற்பட்டது. பின்னாளில் ஹெப்ரிடீஸ் என்னும் கப்பலும் சேர்ந்துகொண்டது. கிளாஸ்கோவிலிருந்து சீமான்களும் சீமாட்டிகளும் வந்தனர். சில மணி நேரம் தெருவில் நடந்தனர், வீட்டுக்குள் எட்டிப் பார்த்தனர், படம் பிடித்தனர். கம்பளித் துணி, காலுறை, பறவை முட்டை முதலியவற்றை விலை கொடுத்து வாங்கினர். பறவைக் கணக்கில் வாழ்ந்த ஊருக்குள் காசுக் கணக்கு புகுந்தது. தீவினர் படத்திற்கு நிற்கவும் கூலி கேட்டபோது, பேராசை பிடித்தவர்கள் என்று வந்தவர்கள் எழுதினர். தம் வீட்டுச் சாளரத்தில் அயலான் முகம் வைத்துப் பார்ப்பதற்கு அவர்களுள் எத்தனை பேர் இலவசமாக இடங்கொடுத்திருப்பர்?

அதே 1877ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்த ஒன்றையும் நோக்குதல் வேண்டும். ஜான் சாண்ட்ஸ் என்னும் எழுத்தாளர் தீவில் அகப்பட்டிருந்தார். ஆஸ்திரியக் கப்பல் ஒன்று உடைந்து அதன் மாலுமிகளும் கரையேறினர். உணவோ குறைவு; செய்தி அனுப்ப வழியில்லை. சாண்ட்ஸ் ஓர் உயிர்காப்பு மிதவையிற் கடிதத்தைக் கட்டிக் கடலில் விட்டார். ஒன்பது நாளில் அது ஆர்க்னி தீவில் ஒதுங்க, அரசாங்கக் கப்பல் வந்து மாலுமிகளை மீட்டது. அதனைப் பின்பற்றித் தீவினர் மரத்தைக் குடைந்து கடிதம் வைத்து, ஆட்டின் சிறுநீர்ப்பையை மிதவையாகக் கட்டி அனுப்பலாயினர். குளிர்காலத்தில் உதவி கேட்க அவர்களுக்கு இருந்த வழி இத்தகையதே. கோடையிலோ அவர்கள் கேளாமலே கப்பல் வந்தது. மருத்துவர் வேண்டிய மாதங்களிற் கப்பல் இல்லை. கப்பல் வந்த மாதங்களில் இறங்கியவர் மருத்துவர் அல்லர். வழக்கின் உயிர்நிலை இங்கேதான் உள்ளது என்பது எம் கருத்து.

நோயின் செய்தி இதற்குச் சான்று. அயலார் வந்து சென்றதும் ஊர் முழுவதும் இருமல் பற்றுவதை மார்ட்டின் காலத்திலேயே குறித்துள்ளனர். அதற்குத் தீவினர் அந்நியர் இருமல் என்றே பெயரிட்டிருந்தனர். அதனினும் கொடியது, பிறந்த சில நாளில் குழந்தைகளைக் கொண்டுபோன இசிவு நோய். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிறந்த குழந்தைகளிற் பெரும்பகுதி இந்நோய்க்கே பலியாயிற்று. இறைவன் திருவுளம் என்று அதனை ஏற்றிருந்த ஊரில், ஆங்கஸ் ஃபிடஸ் என்னும் சமயகுரு பேறுகாலப் பயிற்சியைத் தாமே கற்றுவந்து, தூய்மை முறைகளைப் புகுத்தி, 1890களில் அந்நோயை ஒழித்தார். ஒரு தனி மனிதரின் கல்வி செய்த இத்தொண்டினைக் கோடைக் கப்பல்கள் அனைத்தும் சேர்ந்தும் செய்யவில்லை.

முதல் உலகப் போரின்போது கடற்படை அங்கு ஒரு கம்பியில்லாத் தந்தி நிலையம் அமைத்தது. 1918 மே 15ஆம் நாள் ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று அதனைக் குண்டுவீசித் தாக்கியது. மனிதர் எவரும் இறக்கவில்லை. போர் முடிந்ததும் நிலையம் அகன்றது. அதனுடன் ஒழுங்கான உணவும் அஞ்சலும் கூலியும் அகன்றன. இளைஞர் பெருநிலம் நோக்கிப் போயினர். 1921இல் 73 பேர் இருந்த ஊரில் 1930இல் 36 பேரே எஞ்சினர். கயிற்றில் இறங்கவும் கயிற்றைப் பிடிக்கவும் ஆள் போதவில்லை. 1930இல் ஓர் இளம்பெண் கிளாஸ்கோ மருத்துவமனையில் இறந்தாள். அவ்வாண்டு மே மாதம் ஊரார் தம்மை வெளியேற்றுமாறு அரசாங்கத்துக்கு விண்ணப்பம் எழுதினர்.

ஆடுகளும் தட்டுமுட்டுச் சாமான்களும் முதலில் ஏற்றப்பட்டன. ஏற்றிச் சென்றது எது தெரியுமா? அரை நூற்றாண்டாகப் பார்வையாளரைக் கொணர்ந்த அதே டுனாரா காசில்! நாய்களைக் கொண்டுசெல்ல இயலாது என்று கழுத்திற் கல்லைக் கட்டிக் கடலில் ஆழ்த்தினர். ஆகஸ்டு 29ஆம் நாள் காலையில் வீடுதோறும் விவிலிய நூலை விரித்து வைத்து, சிறிதளவு தானியத்தையும் வைத்து, ஹேர்பெல் என்னும் போர்க்கப்பலில் ஏறினர். பெருநிலத்தில் மார்வெர்ன் பகுதியிற் பலர் குடியமர்த்தப்பட்டனர். மரமே இல்லாத தீவில் வளர்ந்த ஆடவருக்குக் காட்டிலாகா வேலை தரப்பட்டது. சிலர் பின்வந்த கோடைகளில் திரும்பிச் சென்று பழைய வீடுகளில் தங்கினர். ஆனால் குளிர்காலத்தை அங்குக் கழிக்கவில்லை. அன்று எட்டு வயதுச் சிறுமியாய்ப் புறப்பட்டு, அத்தீவிற் பிறந்தவருள் இறுதியாக எஞ்சியவர் 2016இல் மறைந்தார்.

உல்லாசக் கப்பல் ஊரை அழித்தது என்று எழுதுவோர் உளர். அங்ஙனம் முழுப்பழி சுமத்துதல் நேரிதன்று. ஆட்குறைவும் நோயும் போரும் காட்டிய வேறு வாழ்க்கையும் அதற்கு முன் நிற்கின்றன. கப்பல் கொணர்ந்த காசு பல குடும்பங்களுக்குச் சில ஆண்டுகளேனும் பிடிப்பாயிருந்ததென்பதும் மெய். ஆயின் மக்களைக் காட்சிப்பொருளாகக் கருதிய ஒரு நாடு, அவர்களுக்குக் குளிர்காலத்தில் ஒரு மருத்துவரையும் ஒழுங்கான அஞ்சலையும் தரும் செலவைச் செலவென்றே எண்ணிற்று.

1957இல் தீவு ஸ்காட்லாந்து தேசிய அறநிலையத்தின் கைக்கு வந்தது. 1986இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. மனிதரை ஒட்டி வாழ்ந்த அத்தீவுக்கே உரிய வீட்டெலி இனம், ஊர் வெறுமையான சில ஆண்டுகளிலேயே அற்றுப்போயிற்று. வயலெலி இன்றும் உண்டு. இக்காலத்தில் அங்குச் செல்லும் கப்பற் பயணிகளிடம், பைகளில் எலி ஏதும் புகுந்து வாராதபடி சோதித்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கின்றனர். பாறைகளில் முட்டையிடும் பறவைகளுக்கு அது கேடு.