ரயில் மட்டும் மீட்டரில் ஓடிய நாடு

நாட்டில் அடியும் அங்குலமும் ஆட்சி செய்த காலத்தில் ராமேஸ்வரம் ரயில் மீட்டர் அகலப் பாதையில் ஓடியது. நாடு மீட்டருக்கு மாறி ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து, அதே ரயில் ஐந்தரை அடிப் பாதைக்கு மாறியது. பாம்பன் பாலம் திறந்த 1914 முதல் 2007க்குக் கொஞ்சம் முன்புவரை ராமேஸ்வரத்துக்கு ரயிலேறிய யாத்திரிகர்கள் அத்தனை பேரும் மீட்டர் கேஜில்தான் வந்து போனார்கள். 'மீட்டர் கேஜ்' என்று வாய்க்கு வாய் சொன்னோம். தன் ஊரில் மீட்டரைத் தொடாத வெள்ளைக்காரன் இங்கே ரயிலுக்கு மட்டும் அதை ஏன் எடுத்தான் என்று எவரும் கேட்டு நான் கண்டதில்லை.

அதற்குப் பதில் மேயோ பிரபு. 1869 முதல் 1872 வரை வைஸ்ராயாக இருந்தவர். அதற்கு முன் போட்ட ஐந்தரை அடி அகலப் பாதைகளுக்குச் செலவு தாங்கவில்லை; இனிமேல் குறுகலாகப் போடுவோம் என்று முடிவானது. எவ்வளவு குறுகல் என்பதில்தான் தகராறு. 2 அடி 9 அங்குலம் போதும் என்றது ஒரு தரப்பு. 3 அடி 6 அங்குலம் வேண்டும் என்றது இன்னொன்று. மேயோ நடுவில் 3 அடி 3 அங்குலத்துக்கு வந்து, அதோடு ஓர் அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கைச் சேர்த்தார். அந்தச் சில்லறையைச் சேர்த்தால் சரியாக ஒரு மீட்டர்.

சேர்த்ததற்குக் காரணம், இந்தியா முழுவதையும் மெட்ரிக்குக்கு மாற்றிவிடும் எண்ணம் அப்போது அவர் அரசாங்கத்துக்கு இருந்தது. 1870இல் அதற்கு ஒரு சட்டம் போட்டு, 1871இல் மறுபடி திருத்திப் போட்டார்கள். 'சேர்' என்ற நம் ஊர்ப் பெயரை வைத்துக்கொண்டு, அதன் எடை பாரிஸில் இருக்கும் கிலோகிராம் கட்டிக்குச் சமம் என்று எழுதினார்கள். 1872 பிப்ரவரி 8 அன்று மேயோ அந்தமானுக்குப் போன இடத்தில் கைதி ஒருவர் அவரைக் குத்திக் கொன்றுவிட்டார். அதற்குப் பிறகு அந்தச் சட்டத்தைத் தூக்கிச் சுமக்க ஆள் இல்லை. புத்தகத்தில் இருந்தது, கடைக்கு வரவில்லை. ஆனால் தண்டவாளம் அதற்குள் மண்ணில் இறங்கிவிட்டது. வராத விருந்தாளிக்குப் போட்ட இலை மாதிரி, மீட்டர் பாதை மட்டும் ஊர் ஊராக விரிந்துகொண்டே போனது.

அந்தக் காலத்து போட் மெயிலில் இன்னொரு வேடிக்கை உண்டு. எழும்பூரில் ஏறி தனுஷ்கோடி வரை மீட்டர் பாதை. கப்பலில் கடலைத் தாண்டி தலைமன்னாரில் இறங்கினால் இலங்கை ரயில் ஐந்தரை அடிப் பாதையில் நிற்கும். ஒரே சீட்டு, ஒரே ராஜாங்கம், இரண்டு அளவு.

எனக்கு இதில் தனியாக ஓர் அக்கறை வந்ததற்குக் காரணம் என் படிப்பு. காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். 1954 நவம்பரிலேயே பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்துவிட்டாலும், எங்கள் வகுப்பில் பிரெஞ்சுப் பாடம் தொடர்ந்தது. 'மெத்ர்' என்றால் என்ன என்பதை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும்: வட துருவத்திலிருந்து பாரிஸ் வழியாக நிலநடுக்கோடு வரையுள்ள தூரத்தில் ஒரு கோடியில் ஒரு பங்கு. தெலாம்பர், மெஷேன் என்ற இரண்டு வானநூலார் டன்கர்க்கிலிருந்து பார்சலோனா வரை 1792 முதல் ஆறேழு வருடம், புரட்சிக்கும் போருக்கும் நடுவே அளந்த கதையும் சேர்த்து. பள்ளி விட்டு வீட்டுக்கு வந்தால் அம்மா புளி வாங்க அனுப்புவார்: "அரை வீசை வாங்கிட்டு வாடா." பள்ளியில் கிலோ, வீட்டில் வீசை. ஒரு வீசைக்கு 40 பலம், எட்டு வீசை ஒரு மணங்கு. பிரெஞ்சு வாத்தியாருக்கு இதெல்லாம் தெரியாது. அம்மாவுக்கு அது தெரியாது.

பிரெஞ்சுக்காரர்களே இதை ஒரே மூச்சில் விழுங்கியவர்கள் அல்ல. 1795இல் சட்டம் வந்தது. ஜனங்கள் முரண்டு பிடித்தார்கள். 1812இல் நெப்போலியன் இறங்கிவந்து, பழைய பெயர்களைச் சில்லறை வியாபாரத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுக்கொடுத்தார். 'லிவ்ர்' என்ற பழைய எடையை அரைக் கிலோ என்று ஆக்கினார். 1840 ஜனவரி முதல் தேதியிலிருந்துதான் மெட்ரிக் கட்டாயமானது. இன்றைக்கும் பிரான்ஸில் சந்தைக்குப் போனால் 'ஒரு லிவ்ர் தக்காளி' என்று கேட்கலாம். கடைக்காரர் 500 கிராம் நிறுத்துக் கொடுப்பார். பெயர் பழசு, எடை புதுசு.

நம் நாட்டில் முதலில் மாறியது காசு. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 16 அணா போய் 100 நயா பைசா வந்தது. ஓர் அணா என்பது ஆறேகால் நயா பைசா. கால் பைசா என்று நாணயம் கிடையாது. ஆகவே அட்டவணை போட்டார்கள்: ஓர் அணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25. ஒவ்வோர் அணாவாக நாலு தடவை சாமான் வாங்கினால் 24 பைசா. ஒரே தடவையில் வாங்கினால் 25. இந்தக் கணக்கைக் கண்டுபிடிக்காத பையன் எங்கள் தெருவில் இல்லை. 1964 ஜூனில் 'நயா' உதிர்ந்தது. 'நாலணா' உதிரவில்லை, 25 பைசா நாணயத்தையே 2011இல் செல்லாது என்று சொல்லும்வரை அதற்கு வாயில் பெயர் நாலணாதான்.

எடைக்கான சட்டம் 1956இல் வந்தது. 1958 அக்டோபரில் சில பகுதிகளில் கிலோ தொடங்கி, 1962 வாக்கில் நாடெங்கும் கட்டாயமாயிற்று. ஒரு வீசை 1 கிலோ 400 கிராம். எங்கள் பக்கத்தில் சில கடைக்காரர்கள் வீசைக்குச் சொன்ன விலையையே கிலோவுக்கும் சொல்லிப் பார்த்தார்கள். அம்மா எழுதப் படிக்கத் தெரியாதவர். இரண்டே நாளில், "கிலோன்னா முக்கா வீசைக்கும் கொறச்சல்" என்று கையில் தூக்கிப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். பதினைந்து வருடத்துக்குள் வீசை காணாமலே போயிற்று. இன்று சாயல்குடிச் சந்தையில் கருப்பட்டியும் குண்டு மிளகாயும் வாங்கும் இளவட்டத்துக்கு வீசை என்றால் என்னவென்று தெரியாது.

நான் பார்த்தவரையில் விஷயம் இதுதான்: கைக்குக் கை அன்றன்றே மாறும் பொருளுக்கு அளவு சீக்கிரம் மாறிவிட்டது. தாளில் எழுதிவைத்து, பிள்ளை பேரன் வரை போகும் பொருளுக்கு மாறவில்லை.

தண்ணீரைப் பாருங்கள். முல்லைப் பெரியாறு குத்தகை 1886இல் எழுதப்பட்டது, 999 வருடத்துக்கு. அதில் அணைத் தண்ணீர் 155 அடிக் கோட்டுக்குள் என்று அடியில் கணக்கு. ஆகவே உச்ச நீதிமன்றம் வரைக்கும் வழக்கு 136 அடியா, 142 அடியா என்றுதான் நடந்தது. 1959இல் திறந்த வைகை அணையும் 71 அடி என்றே பேசப்படுகிறது. மதகு திறந்தால் வினாடிக்கு இத்தனை கன அடி. காவிரிக்கு டி.எம்.சி., அதாவது நூறு கோடி கன அடி. 2018 தீர்ப்பில் நமக்கு 177.25 டி.எம்.சி. அதே காவிரித் தண்ணீர் கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாயில் ராமநாதபுரம் மாவட்டத்துக்கு வரும்போது லிட்டராகிவிடுகிறது. தெருவில் இறங்கினால் குடம். ஒரு டி.எம்.சி. என்பது சுமார் 2,830 கோடி லிட்டர் என்று நான் ஒருநாள் கணக்குப் போட்டுக் காட்டினேன். "அதுல நமக்கு இன்னிக்கு எத்தன கொடம் வரும்?" என்றாள் என் மனைவி. அந்தக் கணக்கு எனக்கு வரவில்லை.

மூக்கையூர், வாலிநோக்கம் பக்கம் கடலுக்குப் போகிறவர்கள் ஆழத்தைப் பாகத்தில் சொல்வார்கள். ஓர் ஆள் இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். கயிற்றை இழுக்கும்போதே அளந்துவிடலாம். இதற்கு எந்தச் சட்டம் வந்து என்ன செய்யும்? பூ முழத்தில். அது பூக்காரம்மாவின் கை நீளத்தையும் மனசையும் பொறுத்தது. தங்கம் பவுனில்; இங்கிலீஷ் சவரன் நாணயம் 8 கிராமுக்கு ஒரு மயிரிழை குறைவு, நகைக்கடைகள் அதை முழு எட்டாக்கிவிட்டன. பிளம்பர் முக்கால் இஞ்ச் பைப்பு கேட்பார், கொத்தனார் பன்னிரண்டு எம்.எம். கம்பி கேட்பார், இருவரும் ஒரே வீட்டில் வேலை செய்வார்கள். காய்ச்சலுக்கு நூறு டிகிரி, வெயிலுக்கு நாற்பது டிகிரி. எனக்கு மட்டும் சின்ன வயதுப் பழக்கத்தில் முப்பத்தெட்டு என்றால்தான் காய்ச்சல்.

ஆனால் இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. நிலம் அப்படி அல்ல.

நம் பத்திரங்களில் ஏக்கர், சென்ட். இதை எட்மண்ட் கன்டர் என்ற ஆங்கிலேயர் 1620 வாக்கில் உண்டாக்கிய சங்கிலி கொடுத்தது: 66 அடி நீளம், 100 கண்ணி. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். அதில் நூறில் ஒன்று சென்ட், 435.6 சதுர அடி. அடிக்காரர்கள் செய்த அளவென்றாலும் உள்ளே ஓடுவது பத்தும் நூறும்தான். 1979 முதல் 1987 வரை தமிழ்நாட்டில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பட்டாக்கள் ஹெக்டேருக்கும் ஏருக்கும் மாறின. பிரெஞ்சில் அது 'ஆர்', நூறு சதுர மீட்டர். தமிழில் எழுதும்போது ஏர் ஆகிவிட்டது. அரசாங்கம் கலப்பைக் கணக்கில் நிலம் அளக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும் பெரியவர்களை இங்கே சந்தித்திருக்கிறேன். ஓர் ஏர் 2.47 சென்ட். நான் இங்கே பார்த்த பட்டாக்களில் ஏர்க் கணக்கு பெரும்பாலும் முழுசாகவோ அரையாகவோதான் முடிகிறது. நிலம் அப்படி முடிவதில்லை.

என் மாமனார் வாங்கிய புன்செய் கிரையப் பத்திரத்தில் 2 ஏக்கர் 18 சென்ட். பட்டாவில் 0.88.0 ஹெக்டேர். பெருக்கிப் பார்த்தால் அரை சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல் குறைகிறது, சுமார் 240 சதுர அடி. உடைமரமும் பனையும் நின்ற காலத்தில் இதை எவன் பார்த்தான்? கிழக்குக் கடற்கரைச் சாலை வந்து, நிலத்தின் ஒரு பக்கம் அதைத் தொட்டதும் 240 சதுர அடி என்பது ஒரு டீக்கடை. மாமனார் காலமானபின் பாகம் பிரிக்க உட்கார்ந்தபோது சின்ன மைத்துனர், "பட்டாவுல எம்பத்தெட்டுதானேண்ணே இருக்கு, ரோட்டுப் பக்கம் எடுக்கிறவர் பங்குல கொறையட்டும்" என்றார். பெரியவர், "அப்பா காசு குடுத்தது ரெண்டு பதினெட்டுக்குடா தம்பி" என்றார். ஆறு மாதம் அண்ணனும் தம்பியும் பேசவில்லை. ஒரு கல்யாணத்தில் பந்தியில்கூடத் தள்ளித்தான் உட்கார்ந்தார்கள்.

"மச்சான், நீங்க சொல்லுங்க" என்று என்னிடம் வந்தார்கள். நான் தசம புள்ளிக்குப் பின் நாலு இலக்கம் வரை போட்டுக் காட்டினேன். அது இருவருக்குமே பிடிக்கவில்லை. கடைசியில் புலப்பட நகலை வைத்துக்கொண்டு சர்வேயர் வந்து, முள்ளுக்குள் புதைந்திருந்த எல்லைக் கற்களைத் தோண்டிக் கண்டுபிடித்தார். மூன்று கல் பழைய இடத்தில் இருந்தன. நான்காவது சாய்ந்திருந்தது, நகரவில்லை. "பேப்பர்ல ஏதும் எழுதட்டும் சார், நெலம் கல்லுக்குக் கல்லு இருக்குல்ல?" என்றார். இருந்தது. அந்தக் கற்களை வைத்தே மூன்றாகப் பிரித்தோம். ரோட்டுப் பக்கத்தில் மூவருக்கும் சம அகலம்.

பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதியவர் 2 ஏக்கர் 18 சென்ட், அதாவது 0.88.0 ஹெக்டேர் என்று இரண்டையும் ஒரே வரியில் எழுதினார். இரண்டும் சமம் இல்லை என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். மைத்துனர்கள் கையெழுத்துப் போட்டார்கள், என் மனைவி போட்டாள், சாட்சிக் கையெழுத்து என்னுடையது.